றிச்மண்ட் ஹில்லில் அரைப்பேர்

முழு வேலையும் போனவருக்கு ஈ.ஐ. இருக்கு. பாதி வேலை போனவருக்கு என்ன இருக்கு?

2025 மார்ச்சில் அமெரிக்கா உருக்குக்கும் அலுமினியத்துக்கும் 25 வீத வரி போட்டது. ஏப்ரலில் கார்களுக்குப் போட்டது. ஜூனில் உருக்கு வரியை 50 வீதமாக்கியது. அதற்குப் பிறகு றிச்மண்ட் ஹில், மார்க்கம், வோன், அரோறா என்று ரொறன்ரோவுக்கு வடக்கே எந்தப் பக்கம் போனாலும் எங்கட ஆக்களிட்டக் கேக்கிற கதை ஒன்றுதான். ஒருத்தரையும் நிப்பாட்டவில்லை. "ஸ்லோவா இருக்கு, நாளைக்கு வரவேண்டாம்" எண்டு வியாழன் பின்னேரம் ஒரு ரெக்ஸ்ற். அடுத்த மாதம் புதனும் அப்படி ஒரு ரெக்ஸ்ற். ஐந்து நாள் நாலாகும், நாலு மூன்றாகும். வரியைப் போட்டது ட்ரம்ப். நாளை வெட்டினது எங்கட முதலாளி. ரேடியோவில இரண்டையும் ஒரே மூச்சில சொல்லிப் பெருமூச்சு விடுகினம். நாங்கள் அப்படிக் கதைக்கக் கூடாது.

மலையகத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: அரைப்பேர். தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்பார்கள். செக்ரோலில் பேர் விழுந்தால் முழு நாள் சம்பளம். நிறுத்த கொழுந்து தோட்டம் சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில நிண்டவருக்குப் பாதிச் சம்பளம். றிச்மண்ட் ஹில்லில நடக்கிறதுக்கும் அந்தப் பேரைத்தான் வைக்கவேணும். வேலை இல்லாதவர் எண்டும் ஏற்கமாட்டினம், வேலை உள்ளவருக்குரிய சம்பளமும் தரமாட்டினம்.

ஒரு கணக்குப் போடுவம். மணிக்கு 20 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம், 800 டொலர். எல்லாம் வரி கழிக்க முந்தின கணக்கு. இரண்டு நாளை வெட்டினால் 480. மிச்சம் 320ஐ ஈ.ஐ.யில கேக்கலாமா? ஏலாது. ஈ.ஐ. சட்டப்படி முதலில் உங்கள் 'வருமானம் தடைப்பட' வேண்டும். வழமையான ஈ.ஐ.க்குத் தடைப்படுதல் என்றால் தொடர்ந்து ஏழு நாள் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு ஷிஃப்ற் அடிச்சிருந்தால் தடை இல்லை, நீங்கள் வேலையில இருக்கிற ஆள். அந்த 480இலும் 2025இல் 100 டொலருக்கு 1.64 டொலர் ஈ.ஐ. பிரீமியம் கழிந்தது. அதை மட்டும் மறக்கமாட்டார்கள்.

இப்ப அதே ஆளை முதலாளி முழுசா லேஓஃப் பண்ணுறார் எண்டு வையுங்கோ. ஈ.ஐ. தொடங்கி, கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிட்டு அதே மூன்று நாள் குடுக்கிறார். ஈ.ஐ. 55 வீதம், 800க்கு 440. ஈ.ஐ. எடுத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் ஈ.ஐ.யில் கழிப்பார்கள். 480 உழைத்தால் 240 கழியும், 200 வரும். மொத்தம் 680. அதே மெஷின், அதே மூன்று நாள், அதே மணிச்சம்பளம். ஒருவர் 680ஓட வீட்ட போறார், பக்கத்தில நிக்கிறவர் 480ஓட போறார். முதலாமவர் இடையில் வேலையை முழுசா இழந்திருந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சட்டம் எழுதினவைக்குப் பாதி இழப்பு எண்டு ஒன்று இருக்கிறது தெரியாது எண்டு நினைக்காதேங்கோ. வடிவாத் தெரியும். வருத்தம் வந்தோ பிள்ளைப்பேற்றுக்கோ ஈ.ஐ. கேட்டால் ஏழு நாள் வெறுமையாக இருக்கத் தேவையில்லை. கிழமை வருமானம் 40 வீதத்துக்கு மேல் குறைந்தாலே வருமானம் தடைப்பட்டதாக எடுப்பார்கள். ஒரே சட்டம், ஒரே நிதி. வருத்தம் உங்கட வருமானத்தைப் பாதியாக்கினால் அது இழப்பு. முதலாளி பாதியாக்கினால் அது உங்கட தலைவிதி.

ஒன்ராறியோவின் தொழிற்சட்டமும் இதே ஓட்டையோடதான் நிக்குது. அந்தச் சட்டத்தில் ஒரு கிழமை 'லேஓஃப் கிழமை' என்று எண்ணப்பட, வழமையான சம்பளத்தின் பாதிக்கும் குறைவாக உழைத்திருக்க வேண்டும். 20 கிழமைக்குள் அப்படி 13 கிழமைக்கு மேல் போனால் பொதுவாக வேலையிலிருந்து நீக்கியதாகக் கணக்கு, அதற்குரிய காசு தரவேண்டும். 480 என்பது 800இன் 60 வீதம். ஆகவே அந்த மணிக்கூடு ஓடவே தொடங்காது. நேரத்தை வெட்டினதே வேலையை விட்டுக் கலைத்ததற்குச் சமம் என்று வாதாட இடமிருக்கு, ஆனால் அதுக்கு லோயர் வேணும், கையில இருக்கிற மூன்று நாளையும் விட்டெறிய வேணும். கோவிட் காலத்தில் ஃபோர்ட் அரசு ஒரு ஒழுங்குவிதி மூலம் அந்தச் சின்னக் கதவையும் 2022 ஜூலை வரை சாத்தி வைத்திருந்தது.

இந்த ஓட்டைக்கு அரசு தானே ஒரு மருந்து வைத்திருக்கிறது. வேலைப் பகிர்வு, ஆங்கிலத்தில் 'வேர்க்-ஷெயரிங்'. எங்கட வாசகர்களில கனபேருக்கு இப்படி ஒன்று இருக்கிறதே தெரியாது. அது தற்செயல் இல்லை.

1977இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1982 பொருளாதார வீழ்ச்சியில் நாடு முழுக்க வந்தது. 2009இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இதற்குள் இருந்தார்கள். யோசனை சுகமானது. பத்துப் பேர் வேலை செய்த இடத்தில் ஆறு பேருக்குத்தான் வேலை இருக்கிறது. நாலு பேரைக் கலைக்கிறதுக்குப் பதிலாகப் பத்துப் பேரும் மூன்று நாள் வேலை செய்வார்கள். இழந்த இரண்டு நாளுக்கு ஈ.ஐ. அந்த அளவுக்குத் தரும். எங்கட ஆளின் கணக்கில் 440இன் 40 வீதம், 176 டொலர். 480ஓட 176ஐக் கூட்டினால் 656. வெறும் நாள் வெட்டோடு ஒப்பிட்டால் 26 கிழமையில் 4,576 டொலர் கூட. றிச்மண்ட் ஹில் பக்கம் அது கிட்டத்தட்ட மூன்று மாதப் பேஸ்மென்ற் வாடகை.

நேரக் குறைப்பு 10 வீதத்திலிருந்து 60 வீதம் வரை இருக்கலாம். குறைந்தது 6 கிழமை, கூடியது 26, நீடித்தால் 38. வரிப் பிரச்சினைக்காக 2025 மார்ச் 7இலிருந்து விசேட ஏற்பாடு. 76 கிழமை வரைக்கும் போக விட்டார்கள். 2026 மார்ச் 6 வரைக்கும் என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் மருத்துவக் காப்புறுதி, பென்சன் போன்றவற்றை முதலாளி நிப்பாட்ட ஏலாது. பிறகு உண்மையாகவே லேஓஃப் வந்தால் வேலைப் பகிர்வில் எடுத்த காசு உங்கட வழமையான ஈ.ஐ.யைக் குறைக்காது.

காசை விட இதில எனக்குப் பிடிச்ச விசயம் வேற. சாதாரண லேஓஃபில் கடைசியா வந்தவர்தான் முதலில போவார். கடைசியா வந்தவர் ஆர்? போன வருடம் கிளெய்ம் அடிச்சு வேர்க் பெர்மிற் எடுத்த தம்பி, பிள்ளை வளர்த்துப்போட்டு நாற்பது வயதில முதல் வேலைக்கு வந்த அக்கா, பள்ளிக்கூடம் முடிச்சு நேர வந்த நீங்கள். வேலைப் பகிர்வில் அந்த வரிசை இல்லை. ஒரே பிரிவில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே வீதத்தில் நேரம் குறையவேண்டும், இருக்கிற வேலையைச் சமமாகப் பிரிக்கவேண்டும். ஒரு முதலாளித்துவ அரசின் படிவத்துக்குள்ள இப்படி ஒரு வசனம் எப்படி வந்து குந்தினது எண்டு சிலநேரம் யோசிப்பன்.

ஆனால் இந்த வீட்டுக்குத் திறப்பு ஒன்றுதான். அது முதலாளியின்ர பொக்கற்றில.

முதலாளி விண்ணப்பிக்காமல் வேலைப் பகிர்வு இல்லை. தொழிலாளர் சம்மதிக்க வேண்டும், சேர்விஸ் கனடா ஒப்புக்கொள்ள வேண்டும், எல்லாம் சரி. தொடக்குகிறவர் அவர் ஒருவர்தான். ஐம்பது பேர் வேலை செய்யிற இடத்தில ஐம்பது பேரும் கையெழுத்து வைத்துக் கேட்டாலும் அவர் "எனக்கு உந்தப் பேப்பர் வேலை சரிவராது" எண்டு சொன்னால் கதை முடிஞ்சுது. பேப்பர் வேலை உண்மைதான்: விற்பனை குறைந்ததைக் கணக்கோடு காட்டவேண்டும், கிழமைக் கிழமை ஆர் எத்தனை மணித்தியாலம் என்று அறிக்கை குடுக்கவேண்டும். ஆனால் அவரைத் தடுக்கிறது பேப்பர் இல்லை. சமமாகப் பிரிக்கவேண்டும் என்ற அந்த வசனம்தான். ஆருக்கு ஷிஃப்ற் குடுக்கிறது, ஆருக்கு இல்லை எண்டு வியாழன் பின்னேரம் முடிவெடுக்கிற சுகத்தை எந்த சுப்பவைசர் விட்டுக்குடுப்பார்? ஓவர்டைம் காசு கேட்டவருக்குத்தான் முதலில நாள் வெட்டு விழும். கைவலி எண்டு பணியிடக் காப்புறுதிக்கு எழுதினவருக்கு அடுத்தது. நாள் வெட்டு வெறும் சிக்கனம் மட்டுமில்லை தோழர்களே, அது சவுக்கும் கூட.

படிவம் வந்த இடத்திலும் சம்மதம் என்றால் என்ன என்று கேட்கவேண்டியிருக்கு. யூனியன் இருந்தால் யூனியன் வாசித்து, பேரம் பேசி, கையெழுத்து வைக்கும். தனியார் துறையில் ஏழு பேரில் ஒருவர் அளவில்தான் யூனியனில். மற்ற இடங்களில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு தாள் மேசைக்கு வரும், "சைன் வையுங்கோ, கவுண்மென்ற் காசு வரும்" எண்டு. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கிற படிவத்தை வாசித்து விளங்கப்படுத்த ஆருமில்லை. சைன் வைக்கப் பயப்பிடுகிற ஆக்களும் இருக்கினம். ஈ.ஐ. எடுத்தால் சிற்றிசன்ஷிப் கிடைக்காது எண்டு ஒரு கதை இருபது வருசமா ஊர் சுத்துது. பொய். ஈ.ஐ. வெல்ஃபெயர் இல்லை. அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ண நினைக்கிறவையின்ர பயத்தில மட்டும் நியாயம் இருக்கு: அதற்குக் காட்டுகிற வருமானத்தில் வழமையான ஈ.ஐ. காசைச் சேர்க்கமாட்டார்கள். நாள் வெட்டில் போன சம்பளமும் அந்தக் கணக்கில் இல்லாமல்தான் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

இனி, படிவத்தில் பெயரே வராத ஆக்கள்.

லெஸ்லி வீதியில் ஹைவே 7க்கும் 16ஆம் அவெனியூவுக்கும் இடையில் பீவர் கிறீக் பக்கம் போயிருப்பீங்கள். முன்னுக்குக் கண்ணாடிக் கட்டடம், பின்னுக்கு லோடிங் டொக். விடிய ஆறு மணிக்கு ஸ்காபரோவிலிருந்து வாற வானில இறங்குகிறவர்கள் பின்பக்கத்தால் உள்ளே போவார்கள். ஏஜென்சி ஆக்கள். எங்களோட கதைச்ச ஒரு அக்கா இப்படி ஒரு பக்கிங் வேலையில பதினொரு வருசம். அவவின்ர பெல்ற்றில எதிர்ப்பக்கம் நிண்ட பிள்ளை ஏஜென்சியால வந்து இரண்டரை வருசம். ஒரே லேபிள், ஒரே வேகம். நாள் வெட்டு வந்து, அந்த முதலாளி வேலைப் பகிர்வுக்கு எழுதினார்; அக்காவுக்கு ஈ.ஐ.யில கொஞ்சம் காசு வந்தது. எதிர்ப்பக்கம் நிண்ட பிள்ளை அதுக்கு முந்தின திங்களே இல்லை. ஒருத்தரும் அவவைக் கலைக்கவில்லை. வான் வரேல்லை, அவ்வளவுதான்.

இது அந்த முதலாளியின் தந்திரம் மட்டுமில்லை, விதியே அப்படித்தான். வேலைப் பகிர்வு நிரந்தரத் தொழிலாளருக்கு. கூப்பிட்டால் மட்டும் வருகிறவர்களுக்கும் தற்காலிக ஏஜென்சி மூலம் வருகிறவர்களுக்கும் இல்லை. 2020இல் கோவிட்டுக்காக விதிகளைத் தளர்த்தியபோது விற்பனை முகவர்களையும் பொருள் வடிவமைக்கிற தொழில்நுட்ப ஆக்களையும் உள்ளே எடுத்தார்கள். வானில வந்தவரை எடுக்கவில்லை. ஏஜென்சி கிழமைக்கு ஒரு ஷிஃப்ற் குடுத்துக்கொண்டிருந்தால் ஏழு நாள் விதியாலும் அவருக்குக் கதவு பூட்டு.

2017இல் ஒன்ராறியோவின் 148ஆம் சட்டமூலம் இரண்டு நல்ல காரியம் செய்தது. ஏஜென்சித் தொழிலாளருக்கும் நேரடித் தொழிலாளருக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்றது. ஏஜென்சித் தொழிலாளர் கையெழுத்து அட்டை சேர்த்தே யூனியன் அமைக்கலாம் என்றது. ஃபோர்ட் வந்து 2018 முடியுமுன் 47ஆம் சட்டமூலத்தால் இரண்டையும் அழித்தார். 2024 ஜூலையிலிருந்து ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் வேணும் எண்டு பெரிசாச் சொன்னார்கள். லைசென்ஸ் உள்ள ஏஜென்சியின் வானும் அதே வான்தான்.

அந்த வான்களில கொஞ்சம் தமிழற்ற வான். இதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் இடதுசாரிகள் எண்டு சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. வருடா வருடம் சிறந்த தொழில்முனைவோர் விருது வாங்குகிறவர்களில் ஆள் பிடித்து ஆள் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு உபயகாரர், ரேடியோவுக்கு விளம்பரகாரர். "எங்கட பொடியளுக்கு வேலை எடுத்துக் குடுக்கிறம்" எண்டு சொல்லுவினம். மணிக்கு எவ்வளவு எடுத்து எவ்வளவு குடுக்கினம் எண்டு மட்டும் சொல்லமாட்டினம்.

இந்தப் பிரிப்பு கனடாவின் கண்டுபிடிப்பும் இல்லை. 2020 மேயில் இலங்கையில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: கோவிட்டால் வேலைக்குக் கூப்பிடாத தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் நிரந்தரத் தொழிலாளருக்காவது அதைச் சொல்லிக் கேட்க முடிந்தது. 'மேன்பவர்' மூலம் வந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. அங்க மேன்பவர், இங்க ஏஜென்சி. மலையகத்தில் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபின், பல தோட்டங்களில் வேலை நாளைக் குறைத்தார்கள், பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டினார்கள் என்று தொழிலாளர் முறையிட்டார்கள். நாட்கூலியைக் கூட்டச் சொன்னால் நாளைக் குறைப்பது. அரைப்பேருக்குப் பாஸ்போட் தேவையில்லை.

"அது அரசாங்கக் காசு, எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்கிற எங்கட அப்பாமாருக்கு ஒரு சின்ன வரலாறு. 1935இல் நிவாரண முகாம்களில் நாளுக்கு 20 சதத்துக்கு வேலை செய்த இளைஞர்கள் வன்கூவரிலிருந்து சரக்கு ரயிலேறி ஒட்டாவாவுக்குக் கிளம்பினார்கள். ஜூலை 1ஆம் திகதி றெஜைனாவில் பொலிஸ் அடித்துக் கலைத்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு, 1940இல், வேலையில்லாக் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1971இல் அது சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு தருமளவுக்கு வளர்ந்தது. 1990இல் மத்திய அரசு தன் பங்கைக் கட்டுவதை நிறுத்தியது. அன்றையிலிருந்து அந்த நிதியில் இருப்பது தொழிலாளரும் முதலாளிமாரும் கட்டிய பிரீமியம். முதலாளி கட்டுவது உங்கட பங்கின் 1.4 மடங்கு, அதுவும் உங்கட உழைப்பிலிருந்து எடுத்ததுதான். பிறகு வெட்டி வெட்டி 55 வீதத்துக்கு இறக்கினார்கள். 1996இல் 'வேலையில்லா' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'வேலை' காப்புறுதி ஆக்கினார்கள். 1990 அளவில் வேலையில்லாதவர்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோருக்குக் கிடைத்தது, அந்தப் பத்தாண்டு முடிய முன்னமே பாதிப் பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் கிடைத்தது. மிஞ்சிய 50 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட காசு அரசின் பொது வருமானத்துக்குள் போனது. கியூபெக் தொழிற்சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். காசு திரும்பி வரவில்லை.

காசு இல்லை என்று சொல்ல வந்தால் 2020ஐ நினைவுபடுத்துங்கோ. முதலாளிமாருக்குச் சம்பள மானியமாக, ஒரு தொழிலாளரின் சம்பளத்தில் 75 வீதம் வரைக்கும், எல்லாமாகச் சுமார் 100 பில்லியன் டொலர் குடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டே பங்குதாரருக்கு இலாபம் பிரித்த கொம்பனிகள் இருந்தன.

சில தோழர்கள் இந்தத் திட்டத்தையே கைவிடச் சொல்கிறார்கள். தொழிலாளரின் நிதியை எடுத்து முதலாளியின் ஆட்பலத்தைப் பாதுகாத்துக் குடுக்கிற ஏற்பாடு, ஓடர் திரும்பி வந்தவுடன் பழகின கைகள் தயாராக நிக்கும், அவருக்கு ஆள் எடுத்துப் பழக்குகிற செலவு மிச்சம் என்கிறார்கள். உண்மை. ஆனால் 176 டொலர் இல்லாமல் மூன்று நாள் வேலை செய்கிறவரிடம் போய் இந்த விமர்சனத்தைச் சொல்லிப் பாருங்கோ. அதோட, பத்துப் பேர் ஒன்றாக இருக்கிற இடத்தில்தான் யூனியன் கட்டலாம். நாலு பேரைக் கலைத்து, மிச்ச ஆறு பேரும் அடுத்தது நானோ எண்டு பயந்துகொண்டிருக்கிற இடத்தில கட்டேலாது. எங்கட சண்டை திறப்பு ஆரிட்ட இருக்கவேணும் என்பதில்.

அதுக்கு உதாரணம் தேடி தூரம் போகத் தேவையில்லை. ஜேர்மனியில இருக்கிற உங்கட மாமாவைக் கேளுங்கோ, 'குர்ஸ்ஆர்பைற்' எண்டால் என்னெண்டு சொல்லுவார். 2020 ஏப்ரலில் கிட்டத்தட்ட 60 இலட்சம் பேர் அதில் இருந்தார்கள். குறைந்துபோன கைச்சம்பளத்தில் 60 வீதம், பிள்ளை உள்ளவருக்கு 67. கோவிட் காலத்தில் பாதியோ அதற்கு மேலோ நேரம் இழந்தவர்களுக்கு ஏழாம் மாதத்திலிருந்து அதை 80க்கும் 87க்கும் உயர்த்தினார்கள். அதைவிட முக்கியம், வேலை குறைந்ததை வேலை அலுவலகத்துக்கு அறிவிக்கிற உரிமை சட்டப்படி முதலாளிக்கும் இருக்கிறது, தொழிலாளர் தெரிவுசெய்த நிறுவன மன்றத்துக்கும் இருக்கிறது. திறப்பு இரண்டு. 2020 மார்ச்சில் ஏஜென்சித் தொழிலாளரையும் உள்ளே எடுத்தார்கள். ஜேர்மனி தொழிலாளர் அரசு இல்லை, அங்கயும் நிறுவன மன்றம் இல்லாத இடத்தில முதலாளி சொன்னதுதான். ஆனால் "நடைமுறையில சாத்தியமில்லை" எண்டு ஒட்டாவா சொல்லேக்க வாயை மூடப்பண்ண இது காணும்.

ஆகவே நாங்கள் கேட்கவேண்டியது: பெரும்பான்மைத் தொழிலாளர் கையெழுத்து வைத்தால் முதலாளி விண்ணப்பித்தது போலவே சேர்விஸ் கனடா எடுக்கவேண்டும். அவர் கணக்கைக் காட்ட மறுத்தால் சம்பளப் பதிவே சாட்சி. ஒரே இடத்தில் மூன்று மாதம் வேலை செய்த ஏஜென்சித் தொழிலாளர் அந்தப் பிரிவில் சேர்ந்தவர். முதலாளி திட்டத்துக்கே வராத இடத்தில், வருத்தத்துக்கு இருக்கிற விதியை வேலைக் குறைவுக்கும் கொண்டுவரவேண்டும். 40 வீதத்துக்கு 'மேல்' என்பது எங்களுக்குச் சரிவராது, இரண்டு நாள் வெட்டு சரியாக 40இல் நின்று தட்டுப்படும். வேலைப் பகிர்வே 10 வீதக் குறைப்பை இழப்பாக ஒப்புக்கொள்கிறது, அந்த 10 எங்களுக்கும் போதும். 55 வீதத்தை 75 ஆக்குவதும் கேட்கத்தான் வேணும். அது நீண்ட சண்டை, ஈ.ஐ. எடுக்கிற எல்லாரோடும் சேர்ந்து போடவேண்டியது. இதை அதுக்குள்ள கரைச்சுப்போடக் கூடாது.

தை மாதம் தமிழ் மரபுத் திங்கள். பேவியூவில இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கும் பொங்கல் மேடைகளுக்கும் எம்.பி.மார் வேட்டியோட வருவினம், வணக்கம் சொல்லுவினம். போன முறை செல்ஃபி எடுத்தம். இந்த முறை கேள்வி கேப்பம்: கிழமைக்கு இரண்டு நாள் வெட்டுப்பட்டவருக்கு ஏன் ஈ.ஐ. இல்லை? ஏஜென்சியால வந்தவர் ஏன் தொழிலாளர் இல்லை? கட்சி எதுவெண்டாலும் அதே கேள்வி.

அதுக்கு முதல் எங்களிட்ட ஆதாரம் இருக்கவேணும். நாள் வெட்டு நடக்கிற இடத்தில வேலை செய்கிறவர்கள், வீட்டில அம்மா அப்பா வேலை செய்தால் அவையளும், இன்றையிலிருந்து கிழமைக் கிழமை மணித்தியாலத்தை ஒரு கொப்பியில எழுதுங்கோ. வியாழன் பின்னேர ரெக்ஸ்ற்றை அழிக்காதேங்கோ, ஸ்கிறீன்ஷொட் எடுங்கோ. நேரம் திரும்ப வருமோ, வேலைப் பகிர்வுக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருக்கோ எண்டு முதலாளியிட்ட மின்னஞ்சலில கேளுங்கோ, தனியாக் கேக்காமல் இரண்டு மூன்று பேராக் கேளுங்கோ. படிவம் வந்தால் அதில ஆரின்ர பெயர் இருக்கு, ஆரின்ர பெயர் இல்லை எண்டு பாருங்கோ. ஏழு நாள் தொடர்ந்து வேலையும் சம்பளமும் இல்லாமல் போனால் முதலாளி வேலைப் பதிவுப் பத்திரம் குடுக்கவேணும். அவர் இழுத்தடிச்சாலும் காத்திருக்காமல் ஈ.ஐ.க்கு உடன அடியுங்கோ.

பிறகு இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கோ. கொம்பனிப் பெயர், உங்கட பெயர் ஒன்றும் தேவையில்லை. கிழமைக்கு எத்தனை நாள் வெட்டினது, நேரடியா ஏஜென்சியா, படிவம் கண்டதா இல்லையா. அந்த மூன்றும் காணும்.